மீதிச் சில்லறை

அன்புள்ள ஐயா,

உங்கள் தளத்தைச் சில ஆண்டுகளாக வாசித்துவருகிறேன். எழுதுவது இதுவே முதல் முறை. பெயரையும் ஊரையும் போட வேண்டாம்.

என் மகனுக்கு 17 வயது, பிளஸ் டூ. பிராக்டிகல் தேர்வு முடிந்த அன்று நண்பன் வீட்டு மொட்டைமாடியில் மூன்று பேராக இரண்டு குவார்ட்டர் பிராந்தியைக் கோலாவில் கலந்து குடித்திருக்கிறார்கள். கடை வாசலில் நின்ற யாரோ ஓர் ‘அண்ணன்’ இருபது ரூபாய் கமிஷன் வாங்கிக்கொண்டு எடுத்துக்கொடுத்தாராம். இரவு ஒன்பது மணிக்கு மற்ற இருவரும் இவனைப் பைக்கில் நடுவில் உட்காரவைத்து வீட்டு வாசலில் இறக்கிவிட்டுப் போனார்கள். ஒரே வாந்தி. மோர் கொடுத்து, கட்டிலில் மல்லாக்கப் படுக்கவைத்து, தூங்கட்டும் என்று கதவைச் சாத்திவிட்டோம். மறுநாள் விசாரித்தால் மாடியிலிருந்து இறங்கியதே ஞாபகம் இல்லை என்கிறான். பொய் சொல்கிறானே என்ற கோபத்தில் அறைந்துவிட்டேன். நான் வாங்கிக்கொடுத்திருந்த பைக்கையும் போனையும் பிடுங்கி வைத்திருக்கிறேன்.

வெளிநாட்டில் இருக்கும் என் நண்பர், “இங்கெல்லாம் வீட்டிலேயே கொஞ்சம் ஒயின் கொடுத்துப் பழக்குவார்கள், அளவு தெரிந்துவிடும். நீயே பக்கத்தில் உட்காரவைத்து ஒரு பீர் கொடு” என்கிறார். எனக்கும் அதில் நியாயம் இருப்பதாகப் படுகிறது. நான் குடிகாரன் இல்லை. ஞாயிறு மட்டும், வீட்டில், இரண்டு பெக். அவனே ஐஸ் எடுத்துவந்து வைப்பான், முறுக்கைத் தட்டில் போட்டுத் தருவான். அவ்வளவு பாசமான பிள்ளை. இவன் இப்படிச் செய்ததற்கு சினிமாதான் காரணமா? கவுன்சிலிங் அழைத்துப்போகட்டுமா?

அன்புடன்,
எஸ்.

அன்புள்ள எஸ்.,

கடிதத்தை மூன்று முறை படித்தேன். மூன்று முறையும் ஐஸ் வரும் இடத்தில் நின்றுவிட்டேன். அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன். முதலில் அந்த ராத்திரியைப் பற்றிப் பேச வேண்டும், கோபம் இன்னும் ஆறவில்லை.

வாந்தி எடுத்துக்கொண்டிருக்கும் பிள்ளையை மல்லாக்கப் படுக்கவைத்துக் கதவைச் சாத்தியிருக்கிறீர்கள். போதையில் கிடப்பவனுக்குத் தொண்டை மரத்துப்போயிருக்கும். மல்லாந்து கிடந்து வாந்தி எடுத்தால் அது நேராக மூச்சுக்குழாய்க்குப் போகும். இருமிக்கூட எழ மாட்டான். கடைசி மடக்கு இறங்கிய பிறகும் வயிற்றில் இருப்பது ரத்தத்தில் ஏறிக்கொண்டேதான் இருக்கும். படுக்கும்போது உளறிக்கொண்டிருந்தவன் அரைமணி கழித்துத் தட்டினால் எழாமல் கிடக்கலாம். ஒருக்களித்துப் படுக்கவைத்து, பக்கத்தில் ஓர் ஆள் விழித்திருக்க வேண்டும். எழுப்பினால் எழவில்லை, மூச்சு விட்டுவிட்டு வருகிறது, உடம்பு சில்லிடுகிறது என்றால் உடனே 108. மோர், எலுமிச்சை, கட்டங்காபி, தலையில் தண்ணீர் எதுவும் போதையை இறக்காது. இறக்குவது கல்லீரல். அதுவும் மணிக்கு ஏழெட்டு கிராம்தான்.

கிராம் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். குவார்ட்டர் என்பது 180 மில்லி. லேபிளைத் திருப்பிப் பாருங்கள், 42.8 சதவீதம் என்று இருக்கும். அதாவது ஒரு குவார்ட்டரில் சுமார் 60 கிராம் சுத்த சாராயம். இரண்டு குவார்ட்டரை மூன்று பேர் சமமாகப் பிரித்திருந்தால் ஆளுக்கு 40 கிராம். ஐம்பது கிலோ பையன் அதை ஒரே மூச்சில் குடித்தால் 100 மில்லி ரத்தத்தில் நூறு மில்லிகிராமுக்கு மேல் ஏறும். வண்டி ஓட்டுகிறவருக்குச் சட்டம் வைத்திருக்கும் வரம்பு 30. அவனைப் பைக்கில் கொண்டுவந்து விட்ட இருவரும் யார்? அதே மாடியில் அதே பாட்டிலில் பங்குபோட்டவர்கள். திரும்பிப் போனதும் அதே வண்டியில்தான். அவர்கள் வீடு போய்ச் சேர்ந்தார்களா என்று உங்கள் கடிதத்தில் ஒரு வரி இல்லை.

அறைந்தது இன்னும் மோசம். ஞாபகம் இல்லை என்று அவன் சொன்னது பொய்யாக இருக்க வேண்டியதில்லை. வேகமாகக் குடித்தால் மூளையில் நினைவைப் பதியவைக்கும் பகுதி வேலையை நிறுத்திவிடும். நடப்பான், பேசுவான், மாடிப்படி இறங்குவான். எதுவும் பதிவாகியிருக்காது. மனிதனின் மூளை இருபதுகளின் நடுப்பகுதி வரை வளர்ந்துகொண்டிருக்கிறது. அதிலும் ‘வேண்டாம், நிறுத்து’ என்று சொல்லும் முன்மூளை கடைசியாகத்தான் முதிர்கிறது. குடி முதலில் தூங்கவைப்பதும் அதைத்தான். உண்மையைச் சொன்னதற்கு அறை வாங்கியிருக்கிறான் உங்கள் பிள்ளை. மன்னிப்புக் கேளுங்கள். அப்பா மகனிடம் மன்னிப்புக் கேட்டால் வானம் இடிந்து விழாது.

சினிமாவா? விடுங்கள். சினிமாவுக்கு இரண்டாயிரம் வருடம் முன்பே சங்கப் பாட்டில் கள் இருக்கிறது. டாஸ்மாக்கைத் திட்டி நான்கு பக்கம் எழுதலாம், எழுதியும் இருக்கிறேன். 2003 இறுதியில் சில்லறை விற்பனையை அரசே எடுத்துக்கொண்டது. 2023-24இல் அதில் வந்த வருமானம் 45,000 கோடிக்கு மேல். 21 வயது ஆகாதவருக்கு விற்கக் கூடாது என்பது விதி. அந்த இருபது ரூபாய் அண்ணன் நிற்பது விதிக்கு வெளியே.

உங்கள் நண்பரின் பீர் யோசனைக்குச் சுருக்கமாகப் பதில் சொல்கிறேன், அதற்கு மேல் அது தாங்காது. சிறார் நீதிச் சட்டத்தின் 77ஆம் பிரிவின்படி, 18 வயது நிறையாத பிள்ளைக்கு டாக்டர் சொல்லாமல் மது கொடுப்பவருக்கு ஏழு ஆண்டு வரை கடுங்காவல், ஒரு லட்சம் வரை அபராதம். அப்பா கொடுத்தால் பரவாயில்லை என்று அதில் எழுதவில்லை. அப்புறம் அந்த ஒயின் கதை. பள்ளிக்கூடச் சாப்பாட்டோடு ஒயின் கொடுத்துவந்த பிரான்ஸே 14 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு அதை 1956இல் நிறுத்திவிட்டது. 2009 முதல் அங்கே 18க்குக் கீழே யாருக்கும் மது விற்கக் கூடாது. ஆஸ்திரேலியாவில் சுமார் 1,900 பிள்ளைகளை ஆறு ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து, 2018இல் லான்செட் பப்ளிக் ஹெல்த் இதழில் எழுதினார்கள். பெற்றோர் கையால் கொடுத்துப் பழக்கியதால் யாருக்கும் அளவு தெரியவில்லை. வீட்டில் வாங்கிக் குடித்த பிள்ளை வெளியிலும் வாங்கிக் குடித்தது, அவ்வளவுதான். அமெரிக்காவில் 1997இல் வந்த ஓர் ஆய்வு, 15 வயதுக்கு முன் தொடங்கியவர்கள் குடிநோயாளிகளாவது, இருபதைத் தாண்டித் தொடங்கியவர்களைப்போல நான்கு மடங்கு என்றது. இதற்கு மேலும் நண்பர் வாதம் செய்தால் அவருடைய பிள்ளைக்குக் கொடுக்கச் சொல்லுங்கள்.

இப்போது ஐஸ்.

1981இல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் மதுவிலக்கு விலக்கப்பட்டபோது எனக்குப் பன்னிரண்டு வயது. தேனிப் பக்கம் எங்கள் ஊர். பஸ் நிறுத்தத்துக்கு எதிரே பிராந்திக் கடை வந்தது. பெரியப்பா பருத்தி கமிஷன் மண்டி வைத்திருந்தார். சனிக்கிழமை சாயங்காலம் கணக்கு முடித்ததும் மண்டிக்குப் பின்னால், தாட்டுச் சாக்குகளுக்கு நடுவே, நான்கைந்து பேர் உட்காருவார்கள். “டேய், இங்க வாங்கடா” என்று குரல் வரும். நானும் பெரியப்பா மகனும் ஓடுவோம். அவன் என்னைவிட ஒரு வயது மூத்தவன், எனக்கு அண்ணன். நான்கு கோலி சோடா, கால் கிலோ காராச்சேவு. “மீதிச் சில்லறை உங்களுக்கு.”

அந்தப் பதினைந்து பைசாவுக்காக மட்டும் நாங்கள் ஓடவில்லை. இது எனக்கு ஐம்பது வயதில்தான் புரிந்தது. பெரியப்பா மற்ற ஆறு நாளும் பிள்ளைகளோடு பேச மாட்டார். மார்க் ஷீட்டில் கையெழுத்துப் போடுவதற்குக்கூட பெரியம்மா வழியாகத்தான் போக வேண்டும். சனிக்கிழமை அந்த ஒரு மணி நேரம் மட்டும் அவர் வேறு ஆள். சிரிப்பார். அண்ணனின் தோளில் கை போடுவார். கோலியைக் கட்டைவிரலால் அழுத்தி, சோடா பொங்காமல், தம்ளரைச் சாய்த்து ஊற்றுவதில் அண்ணன் கெட்டிக்காரன். கணக்குப்பிள்ளைக்குச் சோடா அதிகம், லாரிக்காரருக்குப் பாதிக்குப் பாதி என்று யாரும் சொல்லாமலே தெரிந்துவைத்திருந்தான். “எம் பய கலந்தாத்தான்யா கலவை” என்பார் பெரியப்பா. அவன் முகத்தைப் பார்க்க வேண்டுமே. பள்ளிக்கூடத்தில் எந்தப் பரிசு வாங்கியும் அந்த முகம் வந்ததில்லை.

பதினைந்து வயதில், குலசாமி கோயில் கிடாவெட்டில், பெரியவர்கள் சாப்பிடப் போன நேரத்தில் தம்ளர்களின் அடியில் கிடந்ததையெல்லாம் ஒன்றாக ஊற்றி நாங்கள் இருவரும் குடித்தோம். நான் புளியமரத்தடியில் குடலே வெளியே வருவதுபோல் வாந்தி எடுத்தேன். அவன் திடமாக நின்றான். ஒன்றுமே ஆகவில்லை அவனுக்கு. எல்லோரும் எனக்காகப் பயந்தார்கள். பயப்பட்டிருக்க வேண்டியது அவனுக்காக. முதல் தடவையே உடம்பு ஒத்துக்கொள்கிறது என்றால் அதன் பிறகு நிறுத்தச் சொல்ல உடம்பிடம் எதுவும் இல்லை. என் அம்மா விளக்குமாற்றால் விளாசினாள். பெரியப்பா விஷயம் தெரிந்ததும் தொடையில் தட்டிச் சிரித்தார். “சிங்கக்குட்டிடா” என்றார். நான் யோக்கியனாக வளர்ந்தேன் என்று சொல்ல வரவில்லை. இருபதுகளில் நானும் குடித்தேன், விட்டேன். அவனால் விட முடியவில்லை.

நாற்பத்து மூன்றாவது வயதில் போனான். கண் மஞ்சளாகி, வயிறு பானைபோல ஊதி, மூன்று முறை நீர் எடுத்தார்கள். அதைப் பற்றி எழுத எனக்கு மனம் இல்லை.

பதினாறாம் நாள் கருமாதி. கொள்ளிவைத்த அவன் மகனுக்கு வயது பதிமூன்று. மொட்டைத்தலையில் கறுப்பாக முள்முள்ளாய் முடி துளிர்த்திருந்தது. வீட்டுக்குப் பின்னால் தென்னந்தோப்பில் ஏழெட்டுப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். பெரியப்பா, அப்போது எழுபது தாண்டியவர், பெற்ற பிள்ளைக்குக் காரியம் நடந்த அன்று, பேரனைக் கைகாட்டிக் கூப்பிட்டு நூறு ரூபாயைக் கொடுத்தார். தண்ணி பாக்கெட் பத்து, ஊறுகாய் நாலு. பையன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடினான். ஓடுவதில் ஒரு துள்ளல் இருந்தது. எனக்கு அந்த ஓட்டம் தெரியும்.

பெட்டிக்கடையில் போய்ப் பிடித்தேன். ரூபாயை வாங்கிக்கொண்டு “நீ வீட்டுக்குப் போ, நான் வாங்கிட்டுப் போறேன்” என்றேன். அவன் நகரவில்லை. “சித்தப்பா, மீதி எனக்குன்னு தாத்தா சொன்னாரு” என்றான். கண்ணில் தண்ணீர் நின்றது. மீதியை அவனிடம் கொடுத்தேன். தண்ணி பாக்கெட்டை என்ன செய்தேன் என்று கேளுங்கள். சாக்கடையில் எறிந்திருக்க வேண்டும். கொண்டுபோய்த் தோப்பில் கொடுத்துவிட்டு வந்தேன்.

எஸ்., நீங்கள் குடிகாரர் என்று நான் சொல்லவில்லை. இரண்டு பெக்குக்கும் பாதுகாப்பான அளவு என்று ஒன்று கிடையாது என்று 2023 ஜனவரியில் உலக சுகாதார நிறுவனம் சொல்லிவிட்டது. ஆனால் அது உங்கள் கல்லீரல், உங்கள் பாடு. நான் கேட்பது ஒன்றுதான். உங்கள் மகன் ஐஸ் எடுத்துவந்து வைக்கும்போது அவனிடம் என்ன பேசுவீர்கள்? சிரிப்பீர்களா? திங்கட்கிழமை காலை அப்படிச் சிரிப்பீர்களா? பாட்டில் எங்கே இருக்கிறது, எந்த தம்ளர், எவ்வளவு தண்ணீர், கூட என்ன கொறிக்க வேண்டும் எல்லாம் அவனுக்குத் தெரியும். நீங்களே எழுதியிருக்கிறீர்கள், பெருமையாக. இதுதான் முதல் தடவை என்று அவன் சொன்னால் நம்புங்கள். குடித்தது முதல் தடவையாகத்தான் இருக்கும். மற்ற பாடமெல்லாம் ஏற்கெனவே முடிந்துவிட்டது.

“கல்யாண வீட்டில், கோயில் விருந்தில் பிள்ளைகள் ஓடியாடி வேலை செய்யக் கூடாதா” என்று என்னிடம் பலர் சண்டைக்கு வந்திருக்கிறார்கள். செய்யட்டும். இலை போடட்டும், பாயசம் பரிமாறட்டும். சரக்குக்குத் தண்ணீர் வாங்கப் பெரியவர்களே எழுந்து நடக்கட்டும். கால் இருக்கிறதல்லவா? ஒரு பாக்கெட் மிக்சர் வாங்கத் தெருமுனை வரை போக முடியாதவர்கள் குடிப்பதற்கு மட்டும் எப்படி இரவு பதினொரு மணி வரை உட்கார்ந்திருக்கிறார்கள்? இதை நான் இருபது ஆண்டுகளாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். என் சொந்தக்காரர்கள் என்னை விசேஷத்துக்குக் கூப்பிடுவதையே குறைத்துவிட்டார்கள்.

கவுன்சிலிங் கேட்டீர்களே. ஒரு தடவை குடித்த பையனைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டாம். தனியாகக் குடிக்கிறான், தூக்கத்துக்கோ துக்கத்துக்கோ குடிக்கிறான், வீட்டில் பணம் குறைகிறது என்றால் தாமதிக்காதீர்கள். மாவட்ட அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. அரசின் மனநல உதவி எண் 14416க்கு போன் செய்தாலும் பேசுவார்கள், கட்டணம் கிடையாது.

பைக்கைத் திருப்பிக் கொடுக்காதீர்கள். பதினேழு வயதுப் பையனுக்கு எப்படி வாங்கிக்கொடுத்தீர்கள் என்று ஆரம்பித்தால் இந்தப் பதில் முடியாது. மோட்டார் வாகனச் சட்டத்தில் அதற்கும் பெற்றோருக்கு மூன்று ஆண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் இருக்கிறது. போனை மட்டும் இன்றைக்கே கொடுத்துவிடுங்கள். கொடுக்கும்போது சொல்லுங்கள்: எங்கே இருந்தாலும், என்ன குடித்திருந்தாலும், ராத்திரி எத்தனை மணியானாலும் என்னைக் கூப்பிடு. யார் வண்டியிலும் ஏறாதே. நான் வந்து அழைத்துப்போகிறேன், உன் நண்பர்களையும் சேர்த்து. வழியில் ஒரு வார்த்தை கேட்க மாட்டேன்.

திட்டுவதை மறுநாள் காலைக்கு வைத்துக்கொள்ளலாம்.