உரிமை யார் கொடுத்தது?

கேள்வி: அரசு சட்டமாக எழுதித் தருவதுதான் உரிமை. அரசே இல்லாத காட்டில் யாருக்கு என்ன உரிமை இருந்தது? லாக், ரூசோ முதலிய ஐரோப்பியத் தத்துவ அறிஞர்கள் பேசிய, மனிதருக்குப் பிறப்பிலேயே உண்டு என்ற ‘இயற்கை உரிமை’ ஓய்வாக உட்கார்ந்திருந்த அறிஞர்களின் கற்பனைதானே? (வாசகர், கும்பகோணம்)

பதில்: ‘ஓய்வாக’ என்ற சொல்லிலிருந்தே தொடங்குகிறேன். மன்னர் இரண்டாம் சார்லஸுக்கு எதிராகச் சதி செய்ததாக ஆல்ஜர்னன் சிட்னி என்பவர் 1683 ஜூனில் லண்டனில் கைது செய்யப்பட்டார். ராஜத்துரோகத்தை நிரூபிக்க இரண்டு சாட்சிகள் வேண்டும் என்பது அந்நாட்டுச் சட்டம். சதியை நேரில் அறிந்ததாகச் சொல்ல அரசுத் தரப்புக்குக் கிடைத்தவரோ ஒரே ஒரு பிரபு. எனவே சிட்னியிடமிருந்து கைப்பற்றிய கையெழுத்துத் தாள்களையே இரண்டாவது சாட்சியாக நிறுத்தினார்கள். அரசனின் அதிகாரம் ஆதாமிடமிருந்து வழிவழியாக வந்தது என்று வாதிட்ட ராபர்ட் ஃபில்மரின் நூலுக்கு அவர் எழுதிவைத்திருந்த, அச்சேறாத மறுப்பு அது. ‘எழுதுவதும் செயலே’ என்றார் தலைமை நீதிபதி ஜெஃப்ரிஸ். டிசம்பர் 7 அன்று சிட்னியின் தலை வெட்டப்பட்டது.

அதே ஆண்டில்தான் ஜான் லாக் ஹாலந்துக்குத் தப்பினார். ஃபில்மரை மறுத்து அவர் எழுதிய நூல் 1689 இறுதியில் வெளிவந்தபோது அதில் ஆசிரியர் பெயர் இல்லை. எழுதியது தாமே என்பதை 1704-இல், இறப்பதற்குச் சற்று முன்பு, உயிலின் பிற்சேர்க்கையில்தான் ஒப்புக்கொண்டார்.

இனி உங்கள் காட்டுக்கு வருவோம். அரசு இல்லையென்றால் ஒருவரை ஒருவர் அழித்துக்கொள்வார்கள், ஆகவே அதிகாரம் முழுவதையும் ஓர் ஆட்சியாளரிடம் ஒப்படைத்துவிட வேண்டும் என்று 1651-இல் எழுதியவர் ஆங்கிலேயத் தத்துவ அறிஞர் ஹாப்ஸ். லாக் அதை ஏற்கவில்லை. அரசு இல்லாத இடத்திலும் அடுத்தவன் உயிரைப் பறிப்பது அநீதிதான். அங்கே இல்லாதது உரிமையன்று, அதைக் காக்கப் பொதுவான சட்டமும் நடுநிலையான நீதிபதியும் தீர்ப்பை நிறைவேற்றும் பலமும்தான் என்பது அவர் வாதம். இந்தக் குறையைத் தீர்க்கவே மக்கள் தம் சம்மதத்தால் அரசை அமர்த்துகிறார்கள் என்றும், கோயில் சொத்தை நிர்வகிக்கும் தர்மகர்த்தா அதன் உடைமையாளர் ஆகிவிடாததுபோல, காவலுக்கு அமர்த்தப்பட்ட அரசும் மக்களின் உயிருக்கோ உடைமைக்கோ சொந்தக்காரர் ஆகிவிடாது என்றும் இதை நாம் புரிந்துகொள்ளலாம். பொறுப்பில் வைக்கப்பட்டவர் நம்பிக்கையை மீறினால் அதிகாரம் மக்களிடமே திரும்புகிறது. ரூசோவை நீங்கள் இதே வரிசையில் சேர்த்தது பொருந்தாது. தனிமனிதர் தம் உரிமைகள் அனைத்தையும் சமுதாயத்திடம் ஒப்படைப்பதையே அவர் 1762-இல் தம் ஒப்பந்தத்தின் அடிப்படையாக்கினார்.

லாக்கின் மீது நீங்கள் சொல்லாத ஒரு குற்றச்சாட்டு உண்டு. அதை மறைக்க நான் விரும்பவில்லை. ஆப்பிரிக்கர்களை அடிமைகளாகக் கப்பலேற்றி விற்ற ராயல் ஆப்பிரிக்கன் கம்பெனியில் அவர் பணம் போட்டிருந்தார். எல்லோரும் பிறப்பால் சுதந்திரமானவர்கள் என்று எழுதிய கைக்கு அது தீராத களங்கம். ஆனால் அந்தக் களங்கம்கூட உங்கள் கட்சிக்கு உதவாது. அடிமை வாணிபத்தை அன்றைய சட்டம் அனுமதித்தது; அரசு எழுதித் தருவது மட்டுமே உரிமை என்றால், அந்தக் கப்பலில் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தவருக்கு அநீதி எதுவும் நேரவில்லை என்றல்லவா நீங்கள் சொல்ல வேண்டியிருக்கும்?

உங்கள் வாதம் நம் உச்ச நீதிமன்றத்திலேயே ஒருமுறை வென்றிருக்கிறது. நெருக்கடி நிலையின்போது, விசாரணையின்றிச் சிறைவைக்கப்பட்டவர்கள் நீதிமன்றத்தை நாட முடியுமா என்ற வழக்கில், ஒரு காவல் அதிகாரி சொந்தப் பகையால் ஒருவரைக் கொன்றுவிட்டால் என்ன பரிகாரம் என்று நீதிபதி எச்.ஆர். கன்னா கேட்டார். நெருக்கடி நிலை நீடிக்கும்வரை பரிகாரம் இல்லை என்பதே அட்டர்னி ஜெனரலின் பதில். 1976 ஏப்ரல் 28 அன்று ஐந்து நீதிபதிகளில் நால்வர் அரசின் பக்கம் நின்றனர். உயிருக்கும் சுதந்திரத்துக்கும் காப்பளிக்கும் அரசியல் சட்டத்தின் 21-ஆவது பிரிவே இல்லாவிட்டாலும், சட்டத்தின் அதிகாரமின்றி ஒருவரின் உயிரையோ சுதந்திரத்தையோ பறிக்க அரசுக்கு உரிமை இல்லை என்று கன்னா மட்டும் மாறுபட்டு எழுதினார். அடுத்த ஜனவரியில் அவரைத் தாண்டி, அவருக்கு இளையவர் தலைமை நீதிபதியாக்கப்பட்டார். கன்னா பதவி விலகினார். 2017-இல் அந்தரங்க உரிமை வழக்கை விசாரித்த ஒன்பது நீதிபதிகள் அமர்வு, 1976-ஆம் ஆண்டுத் தீர்ப்பை ரத்து செய்து கன்னா எழுதியதையே ஏற்றது.