கையெழுத்துக்கு முன் ஒரு சனிக்கிழமை

அன்புள்ள சகோதரிக்கு,

எர்லி டெசிஷன் முறையில் விண்ணப்பித்தால் மகளுக்கு அமெரிக்கக் கல்லூரியில் இடம் கிடைக்குமா என்று நான்கு பத்தி எழுதியிருக்கிறீர்கள். பணத்தைப் பற்றி ஒரே ஒரு வரி: "எப்படியாவது பார்த்துக்கொள்ளலாம்." எனக்கு அந்த ஒரு வரிதான் கவலை.

எர்லி டெசிஷன் என்ற இந்த முன்விண்ணப்பம் தட்டு மாற்றுவது போல, கட்டுப்படுத்தும். ஒரே கல்லூரிக்கு நவம்பர் முதல் பாதியில் விண்ணப்பம். மாணவி, பெற்றோர், பள்ளி ஆலோசகர் மூவரும் கையெழுத்திட வேண்டும். டிசம்பர் நடுவில் இடம் கிடைத்துவிட்டால் மற்ற விண்ணப்பங்களைத் திரும்பப் பெற்று அங்கேதான் சேர வேண்டும். நிதியுதவி போதாவிட்டால் விலகலாம், உண்மைதான். ஆனால் அந்த நேரத்தில் உங்கள் கையில் வேறு கல்லூரியின் கடிதம் இருக்காது. "அங்கே இவ்வளவு தருகிறார்களே" என்று பேரம் பேச, மார்ச் இறுதிவரை காத்திருப்பவர்களால்தான் முடியும். முன்கூட்டி விண்ணப்பித்தால் சேர்க்கை விகிதம் அதிகம் என்கிறார்கள். அந்தக் கணக்கில் அணிக்கு ஏற்கெனவே பேசிவைத்த விளையாட்டு வீரர்களும் முன்னாள் மாணவர்களின் பிள்ளைகளும் அடக்கம்; அதை அப்படியே நம்பாதீர்கள்.

ஆண்டுக்கு 90,000 டாலரை யோசிக்காமல் கட்டக்கூடியவர்களுக்கு இதில் சிக்கல் இல்லை. வருமானம் மிகக் குறைவாக இருந்து, "தேவை" முழுவதையும், அதாவது குடும்பத்தால் கட்ட முடியாத தொகை முழுவதையும், தரும் கல்லூரியைத் தேர்ந்தவர்களுக்கும் ஆபத்து குறைவு. 2,30,000 டாலர் சம்பாதிக்கும் உங்களைப் போன்றவர்கள்தான் நடுவில் மாட்டிக்கொள்கிறார்கள். அந்தத் "தேவை" எவ்வளவு என்று முடிவு செய்வது கல்லூரி, நீங்கள் அல்ல.

2026 இறுதியில் விண்ணப்பிக்கும் உங்கள் மகளுக்கு 2025ஆம் ஆண்டு வருமானவரிக் கணக்கைத்தான் பார்ப்பார்கள். அந்த ஆண்டில் உங்கள் கணவருக்கு நிறுவனப் பங்குகள் மொத்தமாகக் கைக்கு வந்ததாக எழுதியிருக்கிறீர்கள். அது ஒருமுறை வந்த பணம் என்று படிவத்துக்குத் தெரியாது. நிதியுதவி அலுவலகத்துக்கு நீங்கள்தான் எழுத்தில் விளக்க வேண்டும். நிதியுதவிக்கான அரசுப் படிவமான ஃபாஃப்ஸா நீங்கள் குடியிருக்கும் வீட்டையும் ஓய்வூதியச் சேமிப்பையும் கணக்கில் எடுப்பதில்லை. பல தனியார் கல்லூரிகள் கூடுதலாகக் கேட்கும் சிஎஸ்எஸ் புரொஃபைல் என்ற படிவம் வீட்டின் மதிப்பையும் கேட்கும். திருச்சியில் வாங்கிப்போட்ட மனை இரண்டு படிவங்களிலும் சொத்துதான். ஊரில் மாமனார் மாமியாரின் மருத்துவச் செலவுக்கு அனுப்பும் பணத்தை, நீங்கள் கேட்காமல் யாரும் கழித்துக்கொள்ள மாட்டார்கள். சிறப்புச் சூழ்நிலை என்ற பகுதியில் எழுதுங்கள். மூத்தவன் கல்லூரியில் படிப்பதால் சலுகை உண்டு என்று நம்பியிருந்தால், ஃபாஃப்ஸாவில் அது 2024-25 முதல் போய்விட்டது.

உங்களுக்கு கிரீன் கார்டு வந்துவிட்டது, நல்லது. வேலை விசாவில் வந்தவரின் குடும்பத்துக்கான எச்-4 விசாவில் இருக்கும் பிள்ளைக்கு அமெரிக்க மத்திய அரசு உதவி கிடையாது. பல தனியார் கல்லூரிகள் அந்தப் பிள்ளையை வெளிநாட்டு மாணவராகவே வைத்து, உதவி கேட்டதையே சேர்க்கை முடிவில் எடைபோடும். உங்களுக்குத் தெரிந்த தோழிகளுக்கு இதைச் சொல்லுங்கள்.

இப்போது வேலை. மத்திய அரசின் உதவித் திட்டங்களில் உள்ள கல்லூரிகள் 2011 முதல் இணையதளத்தில் நெட் பிரைஸ் கால்குலேட்டர், அதாவது உதவி போக நீங்கள் கட்ட வேண்டிய தொகையைக் கணிக்கும் கருவி, வைத்திருப்பது கட்டாயம். ஒரு சனிக்கிழமை மூவரும் மேஜையில் அமருங்கள். வரிக்கணக்கு, சம்பளச் சீட்டு, வங்கி இருப்பு எல்லாம் பக்கத்தில் இருக்கட்டும். மகள் சொல்லும் கல்லூரிக்கு முதலில் போட்டுப் பாருங்கள். நான்கு ஆண்டுப் படிப்பு என்பதால் வரும் தொகையை நான்கால் பெருக்குங்கள். கட்டணம் ஆண்டுதோறும் ஏறும் என்பதால் அதற்கு மேலும் கொஞ்சம் ஒதுக்குங்கள். அவள் பார்க்கும்படி காகிதத்தில் எழுதுங்கள். "உனக்காக எதையும் செய்வோம்" என்று சொல்லிவிட்டு டிசம்பரில் முகம் வாடும் பெற்றோரை நான் நிறையப் பார்த்துவிட்டேன்.

தொகை தாங்கும் என்றால் கையெழுத்திடுங்கள். அப்போதும் நியூ ஜெர்சியின் ரட்கர்ஸ் போன்ற மாநிலப் பல்கலைக்கழகத்துக்குக் கட்டுப்பாடற்ற முன்விண்ணப்பத்தைச் சேர்த்தே அனுப்பலாம். பெரும்பாலான ஒப்பந்தங்கள் அதைத் தடுப்பதில்லை. தாங்காது என்றால் அதே கல்லூரிக்கு ஜனவரியில், வழக்கமான சுற்றில் போடட்டும். காகிதத்தில் வந்த தொகையை எனக்கும் எழுதுங்கள்.