அப்பாவுக்குக் கீமோ, எனக்குத் தூக்கமில்லை: யாரிடம் போவது?

கேள்வி: எனக்கு 31 வயது. அப்பாவுக்குப் பெருங்குடல் புற்றுநோய். ஆபரேஷன் முடிந்து இப்போது கீமோ நடக்கிறது. அம்மா இல்லை, தம்பி வெளியூரில். கீமோ போட்டு வந்தால் இரண்டு நாளைக்கு அப்பா தூங்குவதில்லை, எதற்கெடுத்தாலும் என் மேல் எரிந்து விழுகிறார். காய்ச்சல் வந்துவிடுமோ என்று ராத்திரியில் எழுந்து எழுந்து அவர் நெற்றியைத் தொட்டுப் பார்க்கிறேன். அவர் முன்னால் சிரித்துவிட்டு, குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுகிறேன். “ஏதாவது வேணும்னா சொல்லு” என்று எல்லாரும் சொல்கிறார்கள். கேட்கத்தான் வாய் வரவில்லை.

பதில்: முதலில் அந்த இரண்டு நாள் கோபத்தைப் பார்ப்போம். கீமோவின்போது வாந்தியைத் தடுக்க டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு மருந்தைப் பலருக்கும் கொடுப்பார்கள். தூக்கம் கெடுவதும் எரிச்சல் வருவதும் அதன் பக்கவிளைவுகள். அப்பாவின் மருந்துச் சீட்டில் அது இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், காலை வேளையில் கொடுக்கலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். நீங்களாகக் குறைக்கவோ நிறுத்தவோ வேண்டாம். கோபம் முழுவதும் மருந்தால்தான் என்று நான் சொல்லவில்லை, பயந்துபோன மனுஷரும் கத்துவார். ஆனால் அவர் கத்துவது உங்கள் கவனிப்பில் குறை இருப்பதால் அல்ல.

அடுத்தது காய்ச்சல். உங்கள் பயம் நியாயமானது. கீமோவுக்குப் பின் வெள்ளை அணுக்கள் குறையும், அந்தச் சமயத்தில் தொற்று வேகமாக முற்றிவிடும். ஆனால் நெற்றியைத் தொட்டுப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. ஒரு தெர்மாமீட்டர் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். 38 டிகிரி செல்சியஸ், அதாவது 100.4 ஃபாரன்ஹீட், அல்லது அதற்கு மேல் காட்டினால் நடுராத்திரி என்றாலும் உடனே மருத்துவமனையை அழைக்க வேண்டும். ‘ஒரு பாராசிட்டமால் போட்டுப் பார்ப்போம்’ என்று காத்திருக்கக் கூடாது, அது காய்ச்சலை மறைத்துவிடும். குளிர் நடுக்கம் வந்தாலும் உடனே கூப்பிடுங்கள், காய்ச்சல் காட்டாவிட்டாலும் சரி. இரவு நேரத்தில் எந்த எண்ணை அழைப்பது என்று இன்றே கேட்டு எழுதி வையுங்கள். எப்போது கூப்பிட வேண்டும், யாரைக் கூப்பிட வேண்டும் என்பது தெளிவாகிவிட்டால் பாதித் தூக்கமாவது திரும்ப வரும்.

இனி, உதவி கேட்பது. “ஏதாவது” என்று சொல்பவர்களுக்கு என்ன செய்வது என்று உண்மையிலேயே தெரியாது. நீங்கள்தான் வேலையைத் துண்டு போட்டுக் கொடுக்க வேண்டும். “வியாழன் காலை 9 மணிக்கு ரத்தப் பரிசோதனை. அப்பாவைக் கூட்டிட்டுப் போய்ட்டு வர முடியுமா?” என்று நாளும் நேரமும் போட்டு ஒரே ஒருவருக்கு அனுப்புங்கள். பொதுவாக எல்லாருக்கும் அனுப்பினால் ஒருவரும் வரமாட்டார்கள். தம்பிக்கும் வேலை உண்டு: காப்பீட்டுக் காகிதங்கள், அடுத்த தேதி வாங்குவது, உறவினர்களுக்கு வாரம் ஒருமுறை நிலவரம் சொல்வது. கடைசி வேலையைச் சின்னது என்று நினைக்காதீர்கள். ஒரே கதையைப் பத்துப் பேருக்குச் சொல்வது மருத்துவமனை அலைச்சலைவிட ஆளை உருக்கும்.

அப்பா முன்னால் சிரிப்பதை நிறுத்துங்கள் என்று சொல்லமாட்டேன். ஆனால் அவரும் உங்களுக்காக நடித்துக்கொண்டிருக்கலாம். அவர் கொஞ்சம் தெம்பாக இருக்கும் நாளில், “எனக்குப் பயமாத்தான் இருக்குப்பா. உங்களுக்கு எப்படி இருக்கு?” என்று கேட்டுவிட்டுச் சும்மா இருங்கள். அவர் பேச ஆரம்பித்தால் “அதெல்லாம் ஒண்ணும் ஆகாது” என்று மட்டும் குறுக்கே விழாதீர்கள், பேச்சு அத்தோடு நின்றுவிடும்.

உங்களுக்கென்று யாரிடம் போவது? சிகிச்சை நடக்கும் இடத்திலேயே மருத்துவ சமூகப் பணியாளரோ மனநல ஆலோசகரோ இருக்கிறாரா என்று நர்ஸிடம் கேளுங்கள். குடும்பத்தாரோடு பேசுவதும் அவர்கள் வேலைதான். நோயாளியின் வலியையும் குடும்பத்தின் மனக்கஷ்டத்தையும் கவனிக்கும் வலி மற்றும் ஆதரவுப் பராமரிப்புக் குழு (பாலியேட்டிவ் கேர்) என்றால் பலர் கடைசிக் கட்டம் என்று மிரள்கிறார்கள். அப்படி இல்லை. முற்றிய நுரையீரல் புற்றுநோய் உள்ளவர்களிடம் நடந்து 2010-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், வழக்கமான சிகிச்சையோடு ஆரம்பத்திலேயே இந்தப் பராமரிப்பும் பெற்றவர்களுக்கு மனச்சோர்வு குறைவாக இருந்தது, ஆயுளும் சற்றே கூடியது. நோயாளிகளும் குடும்பத்தாரும் கூடிப் பேசுகிற ஆதரவுக் குழுக்களும் நல்லவைதான். சிகிச்சையை விட்டுவிட்டு வேறெதையோ சாப்பிடச் சொல்கிற குழுவென்றால் மறுபடி போக வேண்டாம்.

இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமும் பசியும் கெட்டு, எதிலும் மனம் ஒட்டவில்லை என்றால் உங்களுக்கே சிகிச்சை தேவைப்படலாம், மருத்துவரைப் பாருங்கள். செத்துவிடலாம் என்ற எண்ணம் ஒருமுறை வந்தாலும் அன்றைக்கே யாரிடமாவது சொல்லி உதவி கேளுங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்று. பெற்றோருக்குப் பெருங்குடல் புற்றுநோய் வந்திருந்தால், பிள்ளைகள் வழக்கத்தைவிட முன்னதாகவே பரிசோதனையைத் தொடங்க வேண்டியிருக்கும். இன்றே ஓட வேண்டியதில்லை. அப்பாவுக்கு எந்த வயதில் கண்டுபிடித்தார்கள் என்பதைக் குறித்து வைத்துக்கொண்டு, கீமோ முடிந்தபின் தம்பியும் நீங்களுமாக ஒரு மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.