வளவுக்குள் ஒரு வானொலி: பாட்காஸ்ட் கேள்வி பதில்

நம் செட்டிநாட்டு ஊர்க்காரர்கள் குழுவில் இந்த வாரக் கேள்வி பதில் என் தலையில் விழுந்தது. 12 வருஷம் வானொலியில் தற்காலிக அறிவிப்பாளராக இருந்தவன் நான். இப்போது காரைக்குடியில் பாட்காஸ்ட் ஒலிப்பதிவும் எடிட்டிங்கும்தான் பிழைப்பு. ஞாயிறு காலை காபிக்கு ஆரம்பித்த கேள்விகள் ராத்திரி இட்லி வரை ஓயவில்லை. வந்த வரிசையிலேயே போடுகிறேன்.

பள்ளத்தூர், கல்லூரி மாணவர்: அண்ணே, பாட்காஸ்ட் என்றால் பதிவு செய்த ரேடியோதானே? அந்தப் பெயர் எப்படி வந்தது?

ஆப்பிளின் பாட்டுக் கருவியான ஐபாடையும், ஒலிபரப்பு என்று பொருள்படும் பிராட்காஸ்டையும் ஒட்டவைத்த பெயர். 2004 பிப்ரவரியில் கார்டியன் பத்திரிகையில் பென் ஹாமர்ஸ்லி என்பவர் ஒரு கட்டுரையில் போகிற போக்கில் எழுதியது ஒட்டிக்கொண்டது. 2005 ஜூனில் ஆப்பிள் தன் ஐடியூன்ஸில் பாட்காஸ்டுக்கு இடம் கொடுத்தது. ஐபாடையே 2022-ல் நிறுத்திவிட்டார்கள். பெயர் மட்டும் ஊர் சுற்றுகிறது.

பதிவு செய்த ரேடியோ என்பது பாதிதான் சரி. மீதிப் பாதி, அது உங்களிடம் வந்து சேரும் வழி. அதற்கு ஆர்.எஸ்.எஸ். என்று பெயர். (அரசியல் இல்லை தம்பி, உடனே சண்டைக்கு வராதே.) வீட்டு வாசலில் ஒரு பலகை மாட்டி, புதுப் பதிவு போடும்போதெல்லாம் அதில் ஒரு வரி எழுதுகிறீர்கள் என்று வைத்துக்கொள். கேட்கும் செயலிகள் எல்லாம் அவ்வப்போது வந்து பலகையைப் பார்த்துவிட்டு, புதியதை எடுத்துப் போய்த் தங்கள் ஆட்களிடம் கொடுக்கின்றன. பலகை உங்களுடையது. 2024-ல் கூகுள் தன் பாட்காஸ்ட் செயலியை மூடியபோது கேட்பவர்கள் வேறு செயலிக்குப் போனார்கள், பலகை வைத்திருந்தவர்களின் நிகழ்ச்சிக்கு ஒன்றும் ஆகவில்லை.

தேவகோட்டை, பலகாரம் செய்து விற்கும் ஆச்சி: தம்பி, யூடியூபில் படத்தோடு வருகிறபோது வெறும் பேச்சை யார் கேட்பாக?

நீங்கள்தான் ஆச்சி. சீயம் எண்ணெயில் கிடக்கும்போது கண்ணை எடுக்க முடியுமா? கையெல்லாம் மாவு, போனைத் தொடவும் முடியாது. சும்மா இருப்பது காது ஒன்றுதான். அந்தக் காதுக்காகத்தான் அந்தக் காலத்தில் அடுப்படி மாடத்தில் டிரான்சிஸ்டர் இருந்தது. மனகோலத்துக்குப் பாகு முற்றுகிற நேரத்தில் ரேடியோவில் செய்தி வரும், கதை மாறிப்போகும். இப்போது கதையை நிறுத்திவைத்துவிட்டுப் பாகைப் பார்க்கலாம். வித்தியாசம் அவ்வளவுதான், ஆனால் அது பெரிய வித்தியாசம்.

காசும் ஒரு காரணம். 2016 செப்டம்பரில் ஜியோ வருவதற்கு முன் ஒரு ஜி.பி. டேட்டா 200 ரூபாய்க்கு மேல். அரை மணிப் பேச்சை 64 கே.பி.பி.எஸ். அளவில் சுருக்கினால் சுமார் 14 எம்.பி.தான் வரும். ஒரு ஜி.பி.யில் அப்படி 70 நிகழ்ச்சி கேட்கலாம்.

காரைக்குடி, போட்டோ ஸ்டுடியோக்காரர்: எந்த மைக் வாங்கலாம்?

முதல் பத்துப் பதிவுக்குக் கையில் இருக்கும் போனே போதும். வாயிலிருந்து ஒரு சாண் தள்ளி வையுங்கள், போனை ஏரோபிளேன் மோடில் போடுங்கள், மின்விசிறியை நிறுத்துங்கள். பத்து முடிந்தும் ஆசை போகவில்லையென்றால் சட்டையில் குத்தும் காலர் மைக்.

கானாடுகாத்தான், பெயர் வேண்டாமாம்: எங்கள் வீட்டு வளவில் (முற்றத்தைச் சுற்றிய கூடத்தில்) உட்கார்ந்துதான் பேசுகிறோம். பரம்பரை வீடு, அழகான இடம். ஆனால் பதிவைக் கேட்டால் கிணற்றுக்குள்ளிருந்து பேசுவது போல இருக்கிறது. மைக் கோளாறா?

இந்தக் கேள்விக்காகத்தான் காலையிலிருந்து உட்கார்ந்திருக்கிறேன்.

மைக் மேல் தப்பில்லை, தப்பு உங்கள் பாட்டையா மேல். முட்டை வெள்ளைக்கரு சேர்த்துச் சுண்ணாம்பை இழைத்து இழைத்துக் கண்ணாடி மாதிரி சுவர் எழுப்பிவிட்டுப் போயிருக்கிறார். கீழே ஆத்தங்குடிக் கல். மேலே உயரமான கூரை. சத்தம் போய் ஒட்டிக்கொள்ள ஒரு இடமும் இல்லாமல் சுவருக்குச் சுவர் மோதித் திரும்பி வருகிறது. நடுவில் நின்று ஒரு தடவை கை தட்டிப் பாருங்கள். ‘டப்’ என்று முடிய வேண்டியது ‘டப்ப்ப்’ என்று இழுத்தால் அங்கே பதிவு செய்யாதீர்கள். போதாததற்கு வானம் பார்த்த முற்றம். குருவி, மழை, பக்கத்து வீட்டுக் குக்கர் எல்லாம் இலவச இணைப்பு.

வளவைச் சுற்றி இருக்கும் சின்ன அறைகளில், பெட்டியும் பாயும் அடைந்துகிடக்கும் அறையாகப் பாருங்கள். பழைய மெத்தை, ஜமக்காளம், கொடியில் தொங்கும் சேலை இருந்தால் இன்னும் நல்லது. அங்கே போய்க் கை தட்டுங்கள். நான் இதுவரை எடுத்ததிலேயே சுத்தமான பதிவு, ஒரு வீட்டில் கல்யாணச் சாமான் வைத்திருந்த அறையில், சுருட்டிய மெத்தைகளுக்கு நடுவே ஒரு ஆச்சியை ஸ்டூலில் உட்காரவைத்து எடுத்தது. “என்னைய ஏம்பா இப்படிச் சிறை வைக்கிறே” என்றார்கள். அதையும் வெட்டாமல் வைத்திருக்கிறேன்.

படம் எடுக்க வளவு, பேச்சு எடுக்கச் சாமான் அறை. எடுத்ததும் மூலக் கோப்பைக் கணினியிலும் வெளி டிஸ்கிலும் போட்டுவையுங்கள். இதைத் திரும்பத் திரும்பச் சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சிவகங்கை, அரசு ஊழியர்: நல்ல மைக் எது சார்?

மேலே பாருங்கள்.

குன்றக்குடி வாசகர்: அப்படியானால் ரேடியோ செத்துவிட்டதா?

இல்லை. 2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது புதுக்கோட்டைப் பக்கம் கரண்டும் இல்லை, டவரும் இல்லை. பாட்காஸ்ட் கேட்க முடிந்திருக்குமா? இரண்டு பேட்டரி போட்ட ரேடியோவுக்கு அன்றைக்கும் காற்றில் செய்தி வரும். அதனால் வீட்டில் ஒன்று இருக்கட்டும்.

ஆனால் ரேடியோ ஆட்களை இழப்பது இது முதல் தடவையும் இல்லை. 1952-ல் தகவல் ஒலிபரப்பு அமைச்சராக வந்த பி.வி. கேஸ்கர், அகில இந்திய வானொலியில் சினிமாப் பாட்டு கூடாது என்று பார்த்தார். ஜனங்கள் முள்ளைத் திருப்பி இலங்கை வானொலிக்கு, அதாவது சிலோனுக்குப் போய்விட்டார்கள். அவர்களைத் திரும்பக் கூப்பிடத்தான் 1957 அக்டோபரில் விவித பாரதி வந்தது. கேட்பவனுக்கு வேண்டியதை நிலையம் கொடுக்கவில்லையென்றால் அவன் அடுத்த நிலையத்துக்குப் போவான். இப்போது அடுத்த நிலையம் அவன் சட்டைப் பையில் இருக்கிறது. தனியார் எஃப்.எம்.மில் இன்றைக்கும் சொந்தமாகச் செய்தி வாசிக்க முடியாது, ஆகாசவாணிச் செய்தியை அப்படியே எடுத்துப் போடலாம். மீதி நேரமெல்லாம் பாட்டும் சிரிப்பும். நம் ஊர்க் கதையைப் பேச அங்கே யாருக்கு இடம்?

கோட்டையூர், ஓய்வு பெற்ற தமிழாசிரியர்: சிலோன் என்று ஆரம்பித்துவிட்டீர்கள், நானும் சொல்கிறேன். அங்கே அறிவிப்பாளராக இருந்த அப்துல் ஹமீது பேசினால் ழகரம் ழகரமாக விழும். இப்போது பாட்காஸ்ட் என்று ஆளாளுக்கு “வந்தாக, போனாக, சொன்னாக” என்று பேசுகிறார்கள். மேடைக்கென்று ஒரு தமிழ் வேண்டாமா?

ஐயா, நீங்கள் சொல்வதில் ஒரு பாதிக்கு நான் தலைவணங்குகிறேன். சிலோன் அறிவிப்பாளர்களைக் கேட்டுத்தான் நானே மைக் முன்னால் உட்கார ஆசைப்பட்டேன். மறுபாதியில் சண்டைதான். வானொலியில் எனக்கு முதல் வாரம் கற்றுக்கொடுத்தது நம் ஊர்ப் பேச்சை மறைக்கத்தான். “வந்தாக” என்று ஒரு தடவை நேரலையில் வாய் தவறியதற்கு அரை மணி அறிவுரை கேட்டேன். 12 வருஷத்தில் என் ஆயா ஒரு நாள்கூட என் குரலை ரேடியோவில் அடையாளம் கண்டதில்லை. “அது யாரோ படிச்ச பயல்” என்பார்கள்.

சிங்கப்பூர் வாசகர் (சொந்த ஊர் நாச்சியாபுரம்): குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். என் பிள்ளைகளுக்குத் தமிழ் பள்ளிக்கூடத்தில் வந்துவிடும். “அப்பச்சி வந்தாகளா” (அப்பா வந்தார்களா) என்பது எந்தப் புத்தகத்திலும் வராது.

தமிழாசிரியர்: வீட்டுப் பேச்சு வீட்டில் இருக்கட்டும் என்கிறேன். பக்கத்து மாவட்டக்காரனுக்குப் புரிய வேண்டாமா?

புதுக்கோட்டை வாசகர்: எங்களுக்கு நன்றாகவே புரிகிறது ஐயா.

இதற்கு மேல் மூன்று மணி நேரம் இதே பேச்சு. ஆயாவா அப்பத்தாவா என்று ஒரு கிளை பிரிந்தது. அப்பாவைப் பெற்றவர் அப்பத்தா, அம்மாவைப் பெற்றவர் ஆயா என்று நான் ஒரு வரி போட்டதும், “எங்கள் வீட்டில் அப்படி இல்லை” என்று பதினோரு பேர். அவற்றை இங்கே சேர்க்கவில்லை. ஐயாவுக்கு என் முடிவான பதில்: வட்டார வழக்கு வேறு, வாய்க்குழறல் வேறு. ‘வாழைப்பழம்’ ‘வாளைப்பளம்’ ஆவது சோம்பல், அதை நானும் பொறுக்கமாட்டேன். ‘வந்தாக’ என்பது மரியாதை. கம்பன் கழகம் கண்ட ஊர் இது, இரண்டு தமிழுக்கும் இங்கே இடம் இருக்கிறது. நீங்களே மாதம் ஒரு கம்பன் பாடலை உங்கள் தமிழில் பேசுங்கள், நான் காசு வாங்காமல் பதிவு செய்து தருகிறேன். (இதை எழுதும் வரை பதில் வரவில்லை.)

தேவகோட்டை, கல்லூரி மாணவி: பின்னணியில் சினிமாப் பாட்டு 30 நொடிக்குள் போட்டால் உரிமைப் பிரச்சினை இல்லை என்கிறார்களே?

அப்படி ஒரு சட்டமே கிடையாது. 30 நொடி, 10 நொடி, 7 நொடி எல்லாம் டீக்கடைச் சட்டம். அனுமதி இல்லாமல் போடாதே.

புதுவயல், அரிசி ஆலைக்காரர்: பாட்காஸ்டுக்கு லைசென்ஸ் வேண்டுமா? இல்லை, சமுதாய வானொலியே ஆரம்பிக்கலாமா? எங்கள் சொந்தபந்தம் பாதி மலேசியாவில் இருக்கிறது.

பாட்காஸ்டுக்கு அலைவரிசை உரிமம் கிடையாது. ஆனால் ஒருவரை அவதூறு பேசினால் வழக்கு வரும், அது திண்ணையில் பேசினாலும் உண்டு. சமுதாய வானொலி தனி ஆளுக்குக் கொடுக்கமாட்டார்கள். கல்வி நிறுவனம், தொண்டு நிறுவனம் போன்றவைதான் கேட்க முடியும். பொதுவாக 100 வாட் சக்தி, சுற்றுவட்டாரத்துக்கு மட்டும் கேட்கும். அண்ணா பல்கலைக்கழகம் 2004-ல் தொடங்கியதுதான் இந்த நாட்டில் முன்னோடி. உங்கள் சொந்தபந்தம் பாதி மலேசியாவில் இருக்கிறது என்கிறீர்கள், அப்புறம் எதற்கு உள்ளூர்க் கம்பம்?

கொத்தமங்கலம் வாசகர்: இதில் மாதம் எவ்வளவு சம்பாதிக்கலாம்?

முதல் வருஷம் பூஜ்யம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்குச் சம்மதமென்றால் ஆரம்பியுங்கள்.

ஆத்தங்குடி வாசகர்: தாத்தாவின் வால்வு ரேடியோ பரணில் கிடைத்தது. சரி செய்து தருவீர்களா?

என் தொழில் இல்லை. பழைய வால்வு ரேடியோ பார்க்கும் மெக்கானிக்கிடம் கொண்டு போங்கள். ஆசைப்பட்டு நேராக பிளக்கில் செருகிவிடாதீர்கள், பழைய கண்டன்சர் வெடிக்கலாம்.

காரைக்குடி, இன்னொருவர்: பட்ஜெட் மைக் ஏதாவது சொல்லுங்களேன். அப்படியே வருமானமும்.

ஐயா சாமி.

இலுப்பக்குடி வாசகர்: மூலக் கோப்பு மூலக் கோப்பு என்கிறீர்களே, செயலியில் பத்திரமாகத்தானே இருக்கிறது?

என் ஆயாவிடம் 40 நிமிடம் பேசிப் பதிவு செய்தேன். கொப்பரையில் நெல் அவித்த கதை, முதல் படைப்புக்கு (முன்னோர் வழிபாட்டுக்கு) சேலை எடுத்த கதை. ஒரு செயலிக்குள்ளேயே பதிவு செய்து அங்கேயே விட்டுவிட்டேன், வெளியே எடுத்துவைக்கவில்லை. அந்தச் செயலியை ஒரு நாள் மூடிவிட்டார்கள். முன்கூட்டி மின்னஞ்சல் அனுப்பியிருக்கிறார்கள், நான்தான் பார்க்கவில்லை. ஆயா அதற்கு முந்தின வருஷமே போய்விட்டார்கள். அரை மணிப் பதிவு சுருக்காத கோப்பாக 160 எம்.பி. வரும். ஒரு கல்யாண வீடியோவில் நூறில் ஒரு பங்குகூட இருக்காது. எடுத்துவையுங்கள்.

கண்டனூர், சென்னையில் ஐ.டி. வேலை பார்க்கும் பேத்தி: அண்ணே, எங்கள் ஐயாவுக்கு (தாத்தாவுக்கு) 88 வயது. சின்ன வயதில் பினாங்கில் கிட்டங்கியில் (செட்டியார்கள் தொழில் செய்து தங்கிய இடம்) பெட்டியடிப் பையனாக (எடுபிடியாக) இருந்தவர்கள். பேசவைக்கலாம் என்று ஊருக்கு வந்திருக்கிறேன். “எனக்கு என்னத்தா தெரியும்” என்கிறார்கள். எங்கே ஆரம்பிப்பது?

இன்றைக்கு மைக் பற்றிக் கேட்காமல், பேசுகிற ஆளைப் பற்றிக் கேட்ட முதல் ஆள் நீ.

“உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்” என்று கேட்காதே. அதற்கு யாராலும் பதில் சொல்ல முடியாது. கிட்டங்கியில் ஒரு ஆளுக்கு ஒரு பெட்டகமும் பாய் விரிக்கிற இடமும்தான் சொந்தம். உங்கள் பெட்டகத்துக்குப் பக்கத்தில் யார் பெட்டகம் இருந்தது என்று கேள். காலையில் முதலில் எழுந்தது யார், அடுத்தாள் (மேலாளுக்கு அடுத்த நிலையில் இருப்பவர்) எதற்குத் திட்டுவார், ஊருக்குக் கடிதம் எந்தக் கிழமை எழுதுவார்கள், சமையல்காரர் எந்த ஊர். ஒன்றைப் பிடித்தால் அது பத்தை இழுத்துக்கொண்டு வரும். மாகாணி, அரைவீசம் என்ற பழைய பின்னக் கணக்கு வாய்ப்பாடு நினைவிருந்தால் ராகத்தோடு சொல்லச் சொல். 12 வருஷ வானொலியில் அந்த ராகத்தை நான் ஒரு தடவைகூட ஒலிபரப்பியதில்லை.

அவர்கள் பேச்சை நிறுத்தினால் நீ உடனே அடுத்த கேள்வியைப் போடாதே. மனதுக்குள் பத்து எண்ணு. பெரும்பாலும் ஏழிலேயே அவர்களாக ஆரம்பித்துவிடுவார்கள். காது மந்தமென்றால் கேள்வியைக் காகிதத்தில் பெரிதாக எழுதிக் காட்டு, நீ கத்தினால் அதுவும் பதிவாகும். தொடக்கத்தில் தேதியும் ஊரும் சொல்லிவிடு. முடிந்ததும் ஒரு நிமிடம் யாரும் பேசாமல் அறையின் சத்தத்தை மட்டும் எடுத்துக்கொள், எடிட்டிங்கில் ஒட்டுப்போட உதவும். கோப்பை எங்கே வைப்பது என்று இனி உனக்குச் சொல்ல வேண்டாம்.

ஆறு மணிக்குக் கோயில் குழாய் பாட ஆரம்பித்துவிடும். மத்தியானத் தூக்கம் முடிந்து ஐயா காபி குடித்ததும் உட்கார்ந்துவிடு.