வீட்டு கெரானை அலமாரில வைங்கண்ணே, பிள்ளையை ஃபோர்ம் சிக்ஸ்ல போடுங்க

போன சனிக்கிழமை பினாங்கு பிறையிலருந்து ஒரு குடும்பம், பிள்ளையை என்ன படிக்க வைக்கலாம்னு என்கிட்ட யோசனை கேட்டு வந்துச்சு. அப்பாவுக்கு பாயான் லெப்பாஸ் ஃபேக்டரில ஷிஃப்ட் வேலை, நைட் முடிச்சிட்டு தூங்காம நேரா வந்துட்டாரு, கையில ஒரு பிளாஸ்டிக் ஃபைல். எஸ்பிஎம் (ஃபோர்ம் ஃபைவ் பரீட்சை) ரிசல்ட்டா இருக்கும்னு தொறந்தா உள்ள வீட்டு கெரான், அதாவது வீட்டுப் பத்திரம். பெரியப்பா மெடிசின் போடுன்னு நிக்கிறாராம், வீட்டை பேங்க்ல வச்சா பிரைவேட் காலேஜ் ஃபீஸைக் கட்டிடலாமாம். பிள்ளை என்னடான்னா தத்துவமும் அரசியலும் சேர்ந்த டிகிரிதான்னு ஒத்தக் கால்ல நிக்குது. அம்மா அழுதுட்டாங்க. டிஷ்யூ குடுத்து, ஒண்ணும் ஆகாதுக்கான்னு ரெண்டு வார்த்தை சொன்னேன், அதுக்கு மேல ஆறுதல் சொல்ல எனக்கு வராது.

மெடிசினை முதல்ல முடிச்சிடுவோம். அஞ்சு வருஷப் படிப்பு, அப்புறம் ரெண்டு வருஷம் ஆஸ்பத்திரில ஹவுஸ்மென் பயிற்சி. 2016 டிசம்பர்லருந்து புதுசா வர்ற டாக்டருங்களை கான்ட்ராக்ட்லதான் எடுக்க ஆரம்பிச்சாங்க, 2021 ஜூலை 26ல அந்தப் பிள்ளைங்கதான் கறுப்பு சட்டை போட்டுக்கிட்டு ஆஸ்பத்திரிக்கு வெளிய வந்து நின்னுச்சுங்க, டிவில பாத்திருப்பீங்க. ஆசை இருக்கற பிள்ளை இதையெல்லாம் தாண்டிப் போயிடும். ஆசையே இல்லாத பிள்ளையை, அதுவும் வீட்டை அடகு வச்சுத் தள்றது, எனக்கு ஒப்பவே ஒப்பாது.

சரி, பிள்ளையோட ஆசை நெசந்தானான்னு பாக்கணும்ல. ஏம்மா இந்தப் படிப்புன்னு கேட்டேன். கொஞ்ச நேரம் பேசல, அப்புறம் “டீச்சர், ஓட்டு போடறது உரிமையா கடமையா?”ன்னு என்னையே திருப்பிக் கேக்குது. அம்மா தலையில அடிச்சுக்கிட்டாங்க, “வீட்லயும் இதேதான் டீச்சர், சோறு திங்க விடமாட்டா.” எனக்கு சிரிப்பு வந்துடுச்சு, ஏன்னா அந்த டிகிரியே இந்தக் கேள்விக்குள்ளதான் இருக்கு. உரிமையா கடமையான்னு வாதாடறது தத்துவம். ஆஸ்திரேலியாவுல 1924லருந்து ஓட்டு போட்டே ஆகணும், நம்ம மலேசியாவுல 2021 டிசம்பர்லருந்து 18 வயசானா பேரு தானா லிஸ்ட்ல ஏறிடுது, இதனாலெல்லாம் யாரு ஜெயிக்கிறா யாரு தோக்கறான்னு பாக்கறது அரசியல். பாதிக்குப் பாதி ரெண்டையும் படிக்கிறதுதான் இந்த ஜாயின்ட் டிகிரி. பெரியப்பா தத்துவம் சோறு போடுமான்னாராம். அறத்துப்பால் 38 அதிகாரம், பொருட்பால் 70 அதிகாரம், தூது ஒற்றாடல் வரைக்கும் உள்ள இருக்கு, ரெண்டையும் ஒரே புத்தகமா வச்சு கொண்டாடறவங்க நாமதானேன்னு சொல்லிப் பாருங்க.

ஆனா பிள்ளைகிட்டயும் கறாராத்தான் பேசினேன். அது போன்ல காட்டினது எடின்பர்க் யூனிவர்சிட்டி. அங்க இதுக்கு எம்ஏன்னு பேரு, ஆனா முதல் டிகிரிதான், நாலு வருஷம். பிரிட்டன்ல வெளிநாட்டுப் பிள்ளைங்களுக்கு வருஷ ஃபீஸ் சாதாரணமா இருபதாயிரம் பவுனைத் தாண்டும், நாலு வருஷத்துக்குக் கணக்கு போட்டா ஃபீஸ் மட்டுமே நாலு லட்சம் மலேசிய வெள்ளிக்கு மேல, சாப்பாடு ரூம் வாடகை தனி. முழு ஸ்காலர்ஷிப் இல்லாம அந்தப் பேச்சே வேணாம்னு சொன்னேன். மூஞ்சி சுருங்கிப் போச்சு, சுருங்கட்டும்.

இப்ப ஃபோர்ம் சிக்ஸ், எஸ்பிஎம்முக்கு அப்புறம் ஸ்கூல்லயே எஸ்டிபிஎம் பரீட்சைக்குப் படிக்கிறது. நான் அங்க பல வருஷம் பாடம் எடுத்தவ, அதனால சாயறேன்னு நெனைச்சா நெனைச்சுக்குங்க. நம்ம ஆளுங்க ஏன் இதைக் கண்டா ஓடறாங்கன்னே தெரியல. இதுக்குப் பதிலா போற கவர்மென்ட் மெட்ரிகுலேஷன் படிப்புல சயின்ஸ் அக்கவுண்டிங் மாதிரிதான் இருக்கு, இந்தப் பிள்ளைக்கு வேண்டிய ஆர்ட்ஸ் கிடையாது. எஸ்டிபிஎம் ஒன்றரை வருஷம், மூணு செமஸ்டர், கவர்மென்ட் ஸ்கூல்ல காலேஜ் ஃபீஸ்ங்கற பேச்சே இல்ல. பெங்காஜியான் ஆம்ங்கற பொதுப் பாடத்தை எல்லாரும் எடுக்கணும், அதுலயே அரசமைப்பு, அரசாங்கம் எல்லாம் வந்துடும். அதோட செஜாரா (வரலாறு), எகோனோமி (பொருளாதாரம்), பாஹாசா தமிழ் (தமிழ்மொழி) எடுத்தா போதும், இந்தப் பிள்ளைக்காகவே போட்ட சாப்பாடு மாதிரி இருக்கும். பரீட்சை செமஸ்டருக்கு செமஸ்டர் முடிஞ்சிடும், முதல் செமஸ்டர்ல சறுக்கினா அந்தப் பேப்பரைத் திரும்ப எழுதலாம், எல்லாத்தையும் ஒரே நாள்ல தோத்துட்டு உக்காந்திருக்க வேண்டியதில்ல. கெர்ஜா குர்சுஸ்னு புராஜெக்ட் வேற செய்யணும், தானே தேடிப்போய் நாலு பேரைக் கேட்டு எழுதற வேலை, அங்கதான் பிள்ளைக்கு இந்த ஆசை நெசமா, போன்ல வீடியோ பாத்து வந்ததான்னு தெரிஞ்சிடும். கூடவே மூயெட்ங்கற இங்கிலீஷ் பரீட்சையும் எழுதிடணும். ரிசல்ட் நல்லா வந்துச்சுன்னா அதே பேப்பரை வச்சு யூபியூ வழியா நம்ம கவர்மென்ட் யூனிவர்சிட்டிங்களுக்கும் போடலாம், சிங்கப்பூர் என்யூஎஸ் யூனிவர்சிட்டிக்கும் போடலாம், பிரிட்டனுக்கும் போடலாம். ஒரு கதவும் சாத்தாது.

அப்புறம் யூஎஸ்எம் யூனிவர்சிட்டியோட மின்டன் கேம்பஸ்ல அரசியல் படிக்கலாம், பிறையிலருந்து பாலம் தாண்டினா வந்துடும். பிடிபிடிஎன்ங்கற கவர்மென்ட் படிப்புக் கடனுக்கு வருஷம் 1 சதவீதம்தான், ஃபர்ஸ்ட் கிளாஸ் எடுத்தா விலக்கு உண்டான்னு கேட்டுப் பாக்கலாம். தத்துவம் முழுசா கிடைக்காது, ஃபல்சாஃபா டான் இசு செமாசான்னு (தத்துவமும் நடப்புப் பிரச்சினைகளும்) கட்டாயப் பேப்பர் ஒண்ணு இருக்கு, மிச்சத்தைத் தானே படிச்சுக்கணும். ரெண்டு வருஷம் வேலை பாத்துட்டு பிரிட்டன் அரசாங்கத்தோட செவெனிங் ஸ்காலர்ஷிப்புக்குப் போட்டுப் பாக்கலாம், பிரிட்டன்ல ஒரு வருஷ மாஸ்டர்ஸ் அவங்க செலவுல, அங்க அரசியல் தத்துவத்தையே எடுக்கலாம். கிடைக்குமான்னு நான் சத்தியம் பண்ண மாட்டேன், போட்டி ஜாஸ்தி.

வேலையா? பிடிடிங்கற கவர்மென்ட் நிர்வாக, தூதரக ஆபீசராகலாம், வெளியுறவு அமைச்சான விஸ்மா புத்ரா வரைக்கும் போற வழி அது, எஸ்பிஎம் பாஹாசா மெலாயுல (மலாய் மொழி) கிரெடிட் இருக்கணும், பரீட்சை இன்டர்வியூ எல்லாம் கடுமை. ஜார்ஜ்டவுன்ல பினாங்கு இன்ஸ்டிடியூட் மாதிரி ஆராய்ச்சி இடங்க இருக்கு, பத்திரிகை இருக்கு. ஆரம்ப சம்பளம் கம்மிதான், மறைக்கல. இதை முடிச்சிட்டு லாயராயிடலாம்னு யாராச்சும் சொன்னா மட்டும் நம்பாதீங்க, இங்க அதுக்கு சட்டப் பட்டம் தனியா வேணும்.

கிளம்பும்போது அப்பா கேட்டாரு, “அண்ணனுக்கு நான் என்ன டீச்சர் பதில் சொல்றது?” அவரு பேரையும் லோன்ல சேத்துக்கறாரான்னு கேளுங்கண்ணேன்னேன். பிள்ளை முதல் தடவையா சிரிச்சுது. அப்பா ஃபைலை மடியில வச்சிக்கிட்டு கொஞ்ச நேரம் உக்காந்திருந்தாரு, அப்புறம் ஃபோர்ம் சிக்ஸுக்கு எந்த ஸ்கூல் பக்கம்னு விசாரிச்சாரு.