பாட்டிலின் கழுத்து மட்டும் ஏன் வெளுத்தது?

கேள்வி: ஃபைபர் படகுக்கு ரெசின் வேலை செய்கிறோம். பிரஷ் கழுவ வாங்கிய அசிட்டோனில் மிச்சத்தைத் தண்ணீர் பாட்டிலில் ஊற்றிப் படுக்கப் போட்டிருந்தோம். காலையில் கழுத்தும் அடிப்பாகத்தின் நடுவும் வெள்ளை வெளேரென்று ஆகிவிட்டன. மூடியோரம் கசிகிறது. நடுப்பகுதி மட்டும் தெளிவாகவே இருக்கிறது. அசிட்டோன் பிளாஸ்டிக்கைக் கரைத்துவிட்டதா?
– ஒரு வாசகர், நாகப்பட்டினம்

பதில்: கரைக்கவில்லை, படிகமாக்கிவிட்டது. தண்ணீர் பாட்டிலின் 'பெட்' பிளாஸ்டிக் ஒரு பாலியஸ்டர். அதை உருக்கிச் சட்டென்று குளிரவைத்தால், நீண்ட சங்கிலி மூலக்கூறுகள் அள்ளிப்போட்ட வைக்கோல் போல ஒழுங்கின்றி உறைந்துவிடும். அந்த நிலையில் பொருள் தெளிவாகத் தெரியும். சுமார் 75 டிகிரி செல்சியஸுக்குக் கீழே சங்கிலிகளால் அசைய முடியாது. அசிட்டோன் ஊறினால் அந்த வரம்பு அறை வெப்பநிலைக்கும் கீழே இறங்கிவிடும். விடுபட்ட சங்கிலிகள் ஒன்றோடொன்று அடுக்கிப் படிகங்களாகின்றன. அசிட்டோன் ஆவியானதும் நுண்துளைகளும் மிஞ்சுகின்றன. இரண்டும் ஒளியைச் சிதறடிப்பதுதான் அந்த வெள்ளை. காயவைத்தாலும் போகாது. 250 டிகிரிக்கு மேல் உருக்கி உடனே குளிரவைத்தால்தான் தெளிவு திரும்பும்.

கழுத்தும் அடிநடுவும் மட்டும் வெளுத்ததற்குக் காரணம் பாட்டில் செய்யும் முறை. முதலில் சோதனைக்குழாய் வடிவில் ஒரு அச்சு வார்ப்பு எடுப்பார்கள். மரை அப்போதே உருவாகிவிடும். பிறகு சுமார் 100 டிகிரிக்குச் சூடாக்கிக் காற்றால் ஊதுவார்கள். இதில் நடுப்பகுதி நீண்டு, சங்கிலிகள் வரிசைப்பட்டு, ஒளியைச் சிதறடிக்காத மிகச் சிறு படிகங்கள் ஏற்கெனவே உண்டாகிவிடுகின்றன. அசிட்டோனுக்கு அங்கே பெரிதாக வேலை இல்லை. கழுத்தும் அடிநடுவும் நீளாமல், ஒழுங்கற்ற நிலையிலேயே தடிமனாக நின்றுவிடுகின்றன.

கசிவும் இதே காரணத்தால்தான். ஒழுங்கற்ற பெட்டின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 1.33 கிராம், முழுப் படிகத்துக்கு 1.45. படிகமாகும் இடம் சுருங்கும், மரை கோணும், அழுத்தினால் நொறுங்கும். மூடி பாலிஎத்திலீன் என்பதால் அதற்கு எதுவும் ஆகாது.

சோதித்துப் பார்க்க, கழுத்திலிருந்து ஒரு துண்டும் நடுப்பகுதியிலிருந்து ஒரு துண்டும் வெட்டி, மூடியுள்ள கண்ணாடி ஜாடியில் 20 மில்லி அசிட்டோனில் அமிழ்த்துங்கள். வித்தியாசம் கண்ணுக்கே தெரியும். மண்ணெண்ணெயில் போட்ட துண்டு இப்படி வெளுக்காது. பெட்டுக்குள் ஊறும் தன்மை அதற்கு இல்லை. பக்கத்தில் அடுப்பு, பீடி எதுவும் கூடாது. அசிட்டோன் ஆவி பூஜ்ஜியத்துக்குக் கீழான வெப்பநிலையிலும் தீப்பிடிக்கும்.

மிச்ச அசிட்டோனை வாங்கிய தகர டின்னிலேயே வையுங்கள். கசிவை விடவும் பெரிய ஆபத்து, தாகத்தில் யாராவது அதைத் தண்ணீரென்று எடுத்துக் குடித்துவிடுவது. தண்ணீர் பாட்டில் இதற்கு வேண்டவே வேண்டாம்.

கேள்வி: அப்படியானால் படகின் ரெசினும் பாலியஸ்டர்தானே, அதுவும் வெளுக்குமா?
– அதே வாசகர்

பதில்: வெளுக்காது. அந்த ரெசினில் ஸ்டைரீன் என்ற திரவம் சங்கிலிகளைக் குறுக்கே கட்டிப்போட்டுவிடுகிறது. அடுக்குவதற்கு இடமே இல்லை. ஆனால் அசிட்டோன் நனைத்த துணியால் துடைத்தபின் பரப்பு பிசுபிசுத்தால், ரெசின் சரியாக இறுகவில்லை என்று அர்த்தம். இறுகவைக்கும் ஹார்டனர், ரெசின் எடையில் 1 முதல் 2 சதவீதம் என்ற அளவைவிடக் குறைந்திருக்கலாம், அல்லது காற்றின் ஆக்ஸிஜன் மேல்பரப்பை இறுகவிடாமல் தடுத்திருக்கலாம். மெழுகு கலந்த ரெசினை மேல் பூச்சாக அடித்தால் இரண்டாவது குறை தீரும்.

ஹார்டனரைக் கூட்டும்போது ஒன்றை மறக்க வேண்டாம். இறுகுவதை வேகப்படுத்தும் கோபால்ட் கரைசலை முதலில் ரெசினில் நன்றாகக் கலந்த பிறகுதான் ஹார்டனர் சேர்க்க வேண்டும். இரண்டையும் நேரடியாகக் கலந்தால் வெடிக்கும்.