எல்லைத் தூண் ஓரிடம், 49 டிகிரி வேறிடம்!

கே: அமெரிக்கா - கனடா எல்லையின் மேற்குப் பகுதி 49-வது அட்சரேகைதானே? எல்லைத் தூண் பக்கத்தில் நின்று செல்போனில் பார்த்தால் 49 டிகிரிக்கு மேல் சில விநாடிகள் (ஒரு விநாடி என்பது டிகிரியில் 3600-ல் ஒரு பங்கு) கூடுதலாகக் காட்டுகிறது. தூணைத் தப்பாக நட்டுவிட்டார்களா?

ப: சட்டப்படி தூண் நிற்கும் இடம்தான் எல்லை. 1818 ஒப்பந்தம் ராக்கி மலை வரையிலும், 1846 ஒப்பந்தம் அதற்கு மேற்கே கடற்கரை வரையிலும் 49-வது அட்சரேகையை எல்லையாக வைத்தன. அதைத் தரையில் குறித்த நில அளவையர்களுக்கு நட்சத்திரங்கள்தான் துணை. நட்சத்திரம் உச்சியைக் கடக்கும்போது அதன் கோணத்தை அளந்து அட்சரேகையைக் கணக்கிட்டார்கள். அதற்குத் தொலைநோக்கியை ரசமட்டம் பார்த்து நிறுத்த வேண்டும். சிக்கல் அங்கேதான். பக்கத்தில் பெரிய மலையோ, அடியில் அடர்த்தியான பாறையோ இருந்தால் ஈர்ப்பு விசையின் திசை லேசாகச் சாயும்; ரசமட்டமும் அதன்படியே காட்டும். அட்சரேகையில் ஒரு விநாடி பிசகினால் தரையில் சுமார் 31 மீட்டர். எட்டு விநாடி என்றால் கால் கிலோமீட்டர்! அளந்தவர்களைக் குறை சொல்வது நியாயமில்லை. அன்றைய கருவிகளால் இந்தச் சாய்வை முழுமையாகக் கழிப்பது கடினம்.

இன்னொன்று: அட்சரேகை வளைகோடு. அடுத்தடுத்த தூண்களுக்கு இடையே எல்லை நேர்கோடாகவே செல்லும் என்று 1925 ஒப்பந்தம் முடிவு செய்தது. ஆகவே எல்லை தூணுக்குத் தூண் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பிக்கொண்டே போகிறது.

கே: காட்டுக்குள் கோடு கிழித்தது போல மரமே இல்லாத பாதை தெரிகிறதே, அதில் நடக்கலாமா?

ப: அது எல்லை கண்ணுக்குத் தெரிவதற்காக வெட்டியது. அகலம் 6 மீட்டர், ஆளுக்கு 3 மீட்டர். மரம் திரும்பத் திரும்ப முளைப்பதால் இரு நாடுகளின் கூட்டு எல்லை ஆணையம் அவ்வப்போது வெட்டிக்கொண்டே இருக்க வேண்டும். ஆணையத்தின் அனுமதியில்லாமல் அந்த 3 மீட்டருக்குள் எதுவும் கட்ட முடியாது. போட்டோ எடுக்கத்தானே என்று மறுபக்கம் கால் வைக்காதீர்கள். சோதனைச் சாவடியில் தெரிவிக்காமல் கடப்பது சட்ட மீறல்.

கே: பாயின்ட் ராபர்ட்ஸ் ஏன் அமெரிக்காவோடு ஒட்டாமல் இருக்கிறது?

ப: கனடாவிலிருந்து தெற்கே நீளும் தீபகற்பத்தின் நுனி அது. 49-வது அட்சரேகைக்குத் தெற்கே விழுந்ததால் அமெரிக்காவுக்குப் போனது. அங்கிருந்து சாலை வழியாகச் சொந்த மாநிலமான வாஷிங்டனின் மற்ற ஊர்களுக்குப் போக எல்லையை இரண்டு முறை கடக்க வேண்டும். மேல்வகுப்புப் பிள்ளைகள் பள்ளிக்குப் போவதும் இப்படித்தான். 2020-ல் கொரோனாவால் தரை எல்லையை மூடியபோது மிகவும் தவித்தவர்கள் இந்த ஊர்க்காரர்கள். அவர்களுக்காகத் தனியாகப் படகு விட வேண்டியிருந்தது.